வெப்பத்துக்கு ஒரு மடை

சித்திரை வெயில் தகித்த ஒரு மதியம், பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் கணினி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைத் தம்பி என் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, செயலிச் சில்லின்மேல் அழுந்தியிருந்த செப்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். இடையில் இருந்த வெள்ளைப் பசை பழைய சுண்ணாம்புப் பூச்சுபோல் காய்ந்து உதிர்ந்தது. "பசை காய்ந்துவிட்டது அண்ணாச்சி. சூடு இறங்க வழி இல்லை. வேறு ஒரு கோளாறும் கிடையாது" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 1000 வாட் வெப்பத்தைத் தன் அடித்தகடு முழுவதிலும் பரப்பி விடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 5 வாட். வலுவான மேசைக்கணினிச் செயலி ஒன்று 100 வாட்டைக் கட்டைவிரல் நகம் அளவுள்ள சில்லில் உண்டாக்குகிறது. அப்படியென்றால் நாம் தொடவே அஞ்சும் இஸ்திரிப் பெட்டியைவிடப் பத்து மடங்கு நெருக்கமான வெப்பம் அதற்குள் பிறக்கிறது. அது உடனுக்குடன் வெளியேறாவிட்டால் சில்லில் கசிவு மின்னோட்டம் கூடும். கசிவு கூடினால் வெப்பம் இன்னும் ஏறும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கைப்பேசிகளுக்கோ சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் குறிப்பேட்டிலேயே அச்சிடுகின்றன. நம் ஊரின் கோடை அந்த வரம்பைக் காலை பதினொரு மணிக்கே தாண்டிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு இன்றுவரை நம்மிடம் உள்ள விடை ஒன்றுதான்: வெப்பம் வெளியேறும் பாதையை அகலமாக்குவது. பசை, செப்புத் தகடு, அலுமினியச் சிறகுகள், விசிறி எல்லாமே அதற்குத்தான். வெப்பக் கடத்துத்திறனை வாட்/மீட்டர்-கெல்வின் என்ற அலகில் சொன்னால் செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்கு 237, சிலிக்கானுக்கு 150க்குச் சற்றுக் குறைவு. காற்றுக்கு 0.026 மட்டுமே. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் பாதை அடைபட்டுப்போவதன் காரணம் இதுதான். பெயரிலேயே தாமிரத்தைச் சுமக்கும் ஆற்றங்கரையில் வாழும் நமக்குச் செம்பின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அகலமான பாதை மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. அதோடு விட்டிருந்தால் இங்கே வேளாண்மை நடந்திருக்காது. மதகு வேண்டும், மடை வேண்டும். வேண்டியபோது திறக்கவும் வேண்டாதபோது அடைக்கவும் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிடவும் முடிய வேண்டும். மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட மடைகள் எல்லாம் கிடைத்துவிட்டன. டையோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும். 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் திறக்கும், மூடும், அளவைக் கூட்டிக் குறைக்கும். வெப்பத்துக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. வெப்பநிலைச் சரிவு எவ்வளவோ அவ்வளவு வெப்பம் ஓடும் என்று 1822-இல் ஃபூரியே எழுதிய விதியைத்தான் இன்றும் நம்பிப் பசை தடவிக்கொண்டிருக்கிறோம்.

காரணம் எளியது. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு. அதைப் பிடித்து இழுக்கலாம், தள்ளலாம். திடப்பொருளில் வெப்பம் என்பது பெரும்பாலும் அணுக்களின் நடுக்கம். அந்த நடுக்கத்துக்கு மின்னூட்டம் கிடையாது, பிடித்து நிறுத்தக் கைப்பிடியும் கிடையாது. காந்தப் பொருள்கள் இங்கேதான் கவனத்துக்கு வருகின்றன. அவற்றில் வெப்பத்தின் ஒரு பங்கு காந்தத்தோடு பிணைந்திருக்கிறது. காந்தத்தைத் திருப்பினால் அந்தப் பங்கையும் திருப்பலாம்.

காந்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சாதாரண மின்சார அரிசிக் குக்கரில் சோறு வெந்ததும் 'டக்' என்ற ஓசையோடு பொத்தான் மேலே வருகிறதே, அதைச் செய்வது பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். 103 டிகிரி வாக்கில் அந்த ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழக்கும்படி செய்திருக்கிறார்கள். பிடி விட்டதும் சுருள்வில் பொத்தானைத் தள்ளுகிறது. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு கியூரி வெப்பநிலை உண்டு. இரும்புக்கு 770 டிகிரி, நிக்கலுக்குச் சுமார் 358, கடோலினியம் என்ற உலோகத்துக்கு வெறும் 20. கொல்லர் உலையில் நன்றாகச் சிவந்த இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போவது இதனால்தான். மின்னணுப் பட்டறையில் பயன்படும் சில சால்டரிங் கருவிகளும் இதே உத்தியில் இயங்குகின்றன. முனையில் உள்ள உலோகத் துண்டு கியூரி வெப்பநிலையைத் தொட்டதும் காந்தம் விலகி மின்சாரம் நிற்கும். ஆறியதும் மீண்டும் ஒட்டும். மின்னணுச் சுற்று எதுவும் இல்லாமல் ஒரு பொருளே தன் சூட்டைத் தானே காவல் காக்கிறது.

ஆனால் இது சூட்டை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் வேலைதான். வெப்பத்தின் ஓட்டத்தையே ஆள வேண்டுமானால் வெப்பத்தைச் சுமந்து செல்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாவது அணுக்களின் அதிர்வலை, அதன் துளிக்கு ஃபோனான் என்று பெயர். சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பது அதுதான். இரண்டாவது எலக்ட்ரான். உலோகங்களில் இதன் கையே ஓங்கியிருக்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும் என்று 1853-இலேயே வீடமானும் ஃபிரான்சும் கண்டார்கள். மூன்றாவது, காந்தப் பொருள்களில் மட்டுமே உள்ள மேக்னான்.

மேக்னானைப் புரிந்துகொள்ளப் பம்பரத்தை நினைத்துக்கொள்ளலாம். காந்தப் பொருளின் ஒவ்வோர் அணுவும் நிமிர்ந்து நிற்கும் ஒரு பம்பரம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பம்பரங்களோடு அது கண்ணுக்குத் தெரியாத பிணைப்பில் இருக்கிறது. ஒன்றைத் தட்டினால் அது தலையாட்டத் தொடங்கும், அதைப் பார்த்து அடுத்தது தலையாட்டும். சேரன்மகாதேவிப் பக்கம் பச்சை வயலில் காற்று புகுந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த நாற்றும் இடம் பெயர்வதில்லை, அலை மட்டும் வரப்பிலிருந்து வரப்புக்குப் போய்ச் சேர்கிறது. காந்த ஒழுங்கில் இப்படி ஓடும் அலையை 1930-இல் ஃபெலிக்ஸ் பிளாக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த அலையின் துளிதான் மேக்னான். அது ஆற்றலைச் சுமக்கிறது, அதாவது வெப்பத்தைச் சுமக்கிறது. ஆனால் அதன் ஒவ்வோர் அசைவும் காந்தத்தின் அசைவு. நமக்கு வேண்டிய கைப்பிடி அதில்தான் இருக்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய பொருளின் பெயரைக் கேட்டால் நம் கடற்கரைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உவரி, கூடங்குளம் கரையோரத்தில் அலை ஒதுக்கும் மணலில் செந்நிறப் பட்டையாகத் தெரியும் கார்னெட்டை நமக்குத் தெரியும். இல்மனைட், சிர்கான், ரூட்டைல், மோனசைட்டோடு கலந்து கிடக்கும் அந்தத் தாது மணலை எடுப்பதைத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்ததும் நினைவிருக்கும். மணலில் கலந்திருக்கும் தாதுக்களை ஆலைகளில் பிரிப்பதற்கே காந்தம் பயன்படுகிறது. இல்மனைட் எளிதில் ஒட்டும், கார்னெட் வலுவான காந்தத்துக்கு மட்டும் இசையும், சிர்கான் ஒட்டவே ஒட்டாது. நம் மணலில் உள்ள கார்னெட் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட். அதே படிக அடுக்கை வைத்துக்கொண்டு, சிலிக்கானையும் அலுமினியத்தையும் நீக்கி, இட்ரியமும் இரும்பும் ஆக்சிஜனும் மட்டும் கொண்டு ஆய்வகத்தில் செய்ததுதான் இட்ரியம் இரும்புக் கார்னெட். 1956-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெர்த்தோவும் ஃபொராவும் இதைக் கண்டறிந்தார்கள். இது மின்காப்பி, ஆனாலும் காந்தம். இதில் மின்சாரம் ஓடாது, மேக்னான் ஓடும். அதுவும் நெடுந்தொலைவு தளராமல் ஓடும்.

2008-இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் உச்சிடா, சைட்டோ குழுவினர் ஒரு காந்த உலோகத்தின் ஒரு முனையைச் சூடாக்கி, மேலே ஒட்டிய பிளாட்டினப் பட்டையில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார்கள். 2010-இல் கார்னெட் வகை மின்காப்பியிலும் அதையே காட்டினார்கள். எலக்ட்ரான் ஓடவே முடியாத பொருளில், சூட்டால் கிளம்பிய காந்த அலை பிளாட்டினத்தைத் தொட்டதும் மின்சாரமாக மாறியது. இதற்குத் தற்சுழற்சி சீபெக் விளைவு என்று பெயர். அணுவைப் பம்பரமாக்கும் அந்தக் காந்தச் சுழற்சிதான் தற்சுழற்சி (ஸ்பின்). எதிர்த்திசையிலும் இது நடக்கும். பிளாட்டினத்தில் மின்சாரம் விட்டால் மேக்னான்கள் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகும். காந்தத்தைத் திருப்பி வைத்தால் வெப்பம் போகும் திசையும் திரும்பும். கிடைக்கும் அளவுகள் மிகச் சிறியவை, மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் கணக்கில்தான். ஆனால் கைப்பிடி உண்மையிலேயே இருக்கிறது என்பதை அந்த மைக்ரோவோல்ட் நிரூபித்துவிட்டது.

தாமஸ் சீபெக் 1821-இல் இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கியபோது அவர் கண்ணில் பட்டது மின்சாரமன்று. பக்கத்தில் இருந்த காந்த ஊசியின் அசைவு. வெப்பமே உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று நம்பினார். அது மின்னோட்டத்தின் வேலை என்று பின்னர் தெரிந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, காந்தப் பொருள்களில் அவர் நம்பியதற்கு நெருக்கமான ஒன்று உண்மையாகவே நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் மனம் நெகிழ்கிறது.

திறந்து மூடும் மடை என்று பார்த்தால் உலோக அடுக்குகள்தான் இப்போது முன்னால் நிற்கின்றன. செம்பும், கோபால்ட்-இரும்புக் கலவையும் சில நானோமீட்டர் தடிப்பில் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. காந்த அடுக்குகள் எல்லாம் ஒரே திசையில் நின்றால் எலக்ட்ரான்கள் எளிதாகக் கடக்கும். ஒன்று விட்டு ஒன்று எதிர்த் திசையில் நின்றால் தடுமாறும். மின்தடையில் இந்த மாற்றத்தை 1988-இல் கண்ட ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வன்தட்டுகளின் கொள்ளளவு பெருகியது அவர்கள் புண்ணியத்தில்தான். உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பதும் எலக்ட்ரான்தானே? அதனால் வெப்பத் தடையும் கூடவே மாறுகிறது. இத்தகைய அடுக்கில், அறை வெப்பநிலையிலேயே காந்தப்புலத்தைக் கொண்டு வெப்பக் கடத்துத்திறனை 150 விழுக்காடு வரை மாற்ற முடிந்தது என்று 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒரு திடப்பொருளின் கடத்துத்திறன் என்பது பிறப்போடு வந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்த எனக்கு இது பெரிய செய்தி.

சூட்டை வெளியேற்றத்தானே வேண்டும், ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்கலாம். இன்றைய சில்லுகளை மாடிவீடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கீழே செயலி கொதிக்கும்போது அந்தச் சூடு மேலே இருக்கும் நினைவகத்துக்குப் போகக் கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். மின்கலத்தை மிகைச் சூட்டிலிருந்தும் காக்க வேண்டும், மிகைக் குளிரிலிருந்தும் காக்க வேண்டும். செயற்கைக்கோள் வெயிலிலிருந்து நிழலுக்குள் புகுந்ததும் இருக்கும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் மட்டும் கடத்தும் பொருள்கூட இயற்கையில் கிடைக்கிறது. ஏணிப்படிபோல் செப்பு அயனிகள் அமைந்த சில ஆக்சைடுகளில் காந்தக் கிளர்வுகள் வெப்பத்தை ஏணியின் நீளவாக்கில் மட்டும் பல மடங்கு அதிகமாகக் கொண்டு செல்கின்றன என்பது 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே அளக்கப்பட்டது.

திசை திருப்புவதிலும் காந்த உலோகங்களுக்குத் தனித் திறமை உண்டு. மின்னோட்டம் ஒரு திசை, காந்தம் இன்னொரு திசை என்றால் வெப்பம் இரண்டுக்கும் செங்குத்தாக நகரும். 1886-இல் எட்டிங்ஸ்ஹவுசனும் நெர்ன்ஸ்ட்டும் கிராஸ் நகரில் பிஸ்மத்தை வைத்துக் கண்ட விளைவுகளின் குடும்பம் இது. வெளியே பெரிய காந்தம் வைக்காமல், பொருளின் சொந்தக் காந்தத்தையே பயன்படுத்தி இதைச் செய்யலாம். 2018-இல் ஜப்பானின் சுகுபாவில் ஒரே நிக்கல் துண்டுக்குள், இரண்டாவது உலோகம் எதையும் இணைக்காமல், காந்தத் திசையும் மின்னோட்டத் திசையும் சந்திக்கும் கோணத்தை மட்டும் மாற்றி ஓரிடத்தைச் சூடாகவும் இன்னோரிடத்தைக் குளிர்வாகவும் ஆக்கிக் காட்டினார்கள். இணைப்பு இல்லை, எனவே பசையும் இல்லை, காய்ந்து உதிர ஒன்றும் இல்லை.

காந்தமே இல்லாத பொருளிலும் சிறிது கைவைக்க முடிகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹெரமன்ஸ் குழுவினர் இண்டியம் ஆன்டிமோனைடை இசைக்கவை வடிவில் வெட்டி, கடுங்குளிரில் 7 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தபோது அதன் வெப்ப ஓட்டம் 12 விழுக்காடு குறைந்ததை 2015-இல் வெளியிட்டார்கள். மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவியைவிட வலுவான புலம் அது. கைப்பேசிக்குள் வரப்போவதில்லை. ஆனாலும் அணுக்களின் வெறும் நடுக்கத்துக்கும் காந்தம் தெரியும் என்பதை அது சொல்லிவிட்டது.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது கோபால்ட். காரில் வைக்கும் சிறு குளிர்பெட்டிகளில் பெல்டியர் தகடு இருக்கும். மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அதில் உள்ள பிஸ்மத் டெல்லூரைடு வெப்பத்தை அரிதாகவே கடத்தும். குளிர்பெட்டிக்கு அது நல்லது, வெளிச்சூடு உள்ளே திரும்பாது. சூடான சில்லின்மேல் அதை வைத்தால் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். சில்லுக்கு வேண்டியது தானாகவும் வெப்பத்தை இறங்க விட்டு, மின்சாரம் விட்டால் கூடுதலாகவும் தள்ளும் பொருள். கோபால்ட் இரண்டையும் செய்கிறது. அதன் வெப்பக் கடத்துத்திறன் 100ஐ ஒட்டியது. கூடவே அதன் எலக்ட்ரான்கள் நகரும்போது மேக்னான்களையும் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்றவர்கள் அடியெடுத்து வைக்காமலே கூட்டத்தோடு நகர்ந்திருப்பார்கள், அதுபோலத்தான். இழுபட்டு வரும் ஒவ்வொரு மேக்னானும் தன் வெப்பத்தோடு வருகிறது. கோபால்ட்டைக் கொண்டு இப்படி வெப்பத்தைத் தள்ளிக் குளிர்விக்கலாம் என்று 2019-இல் காட்டினார்கள்.

இவை ஆய்வகச் செய்திகள். ஏற்கெனவே நம் ஊர்த் திடலுக்கு வந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. கொடை விழா இரவுகளில் வில்லுப்பாட்டை ஊர் முழுக்கக் கொண்டு சேர்க்கும் ஒலிபெருக்கிகளுக்குள் குரல்சுருள் என்ற செப்புக் கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் அதிர்கிறது. விடிய விடிய வேலை செய்தால் அது கொதிக்கும். சில ஒலிபெருக்கிகளில் அந்த இடுக்கில் காந்தத் திரவத்தை இட்டிருப்பார்கள். எண்ணெயில் கோடிக்கணக்கான நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் மிதக்கும் திரவம் அது. எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளை ஈர்த்து இழுக்க வேண்டும் என்பதற்காக 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பாப்பல் உருவாக்கியது. காந்தத்தின் பிடியால் ஒழுகாமல் இடுக்கிலேயே நின்று, சுருளின் சூட்டைப் பக்கத்து உலோகத்துக்குக் கடத்திவிடுகிறது. இதில் இன்னோர் அழகும் உண்டு. சூடேறிய திரவம் காந்தத் தன்மை குறைந்து பின்வாங்கும், ஆறிய திரவம் ஈர்க்கப்பட்டு அந்த இடத்துக்கு வரும். பம்பு இல்லாமல், ஓசை இல்லாமல், தேயும் உறுப்பு ஒன்றும் இல்லாமல் குளிர்விக்கும் சுழற்சி தானே நடக்கிறது.

காந்தத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கும் முறை தனிக் கட்டுரைக்குரியது. கடோலினியத்தைக் காந்தப்புலத்துக்குள் கொண்டுபோனால் சூடாகும், வெளியே எடுத்தால் குளிரும். வில்லியம் ஜியாக் இந்த வழியில் 1933-இல் தனிச்சுழிக்கு, அதாவது இதற்குக் கீழே இல்லை என்னும் வெப்பநிலைக்கு, மிக அருகே சென்று, 1949-இல் நோபல் பரிசு பெற்றார். மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகத்தில் பயன்படும் திரவ ஹைட்ரஜன் −253 டிகிரியில் இருக்க வேண்டியது. அத்தகைய தாழ்ந்த வெப்பநிலைகளில் காந்தக் குளிர்விப்பு நன்றாகவே கைகொடுக்கும் என்பதால், ஹைட்ரஜனைத் திரவமாக்க அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன.

தடைகளையும் மறைக்கக் கூடாது. மேலே சொன்ன உலோக அடுக்குகள் மெல்லிய படலங்கள். அவற்றைக் கைக்கு எட்டும் தடிப்பில் செய்தால் மலிவாகவும் இருக்காது, இரண்டு பொருள்கள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் வெப்பம் தடைபடும். தற்சுழற்சி விளைவுகள் தரும் குளிர்ச்சி இன்று ஒரு டிகிரியில் சிறு பின்னம்தான். காந்தமும் சூட்டுக்கு அஞ்சும் பொருள். காற்றாலை மின்னாக்கிகள் சிலவற்றில் உள்ள நியோடைமியம் காந்தத்தின் சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். அதைத் தாங்கவைக்க விலை உயர்ந்த டிஸ்புரோசியத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கடைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப் பசையைத் தடவி, தகட்டை வைத்துத் திருகுகளை முடுக்கிக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "சில்லுக்குப் பக்கத்தில் இத்தனை காந்தத்தை வைத்தால் வன்தட்டு கெட்டுப்போகாதா அண்ணாச்சி?"

ஆய்வாளர்களையும் அலைக்கழிக்கும் கேள்விதான் அது. அதற்கு அவர்கள் தேடும் விடைகளில் ஒன்று எதிர்க்காந்தப் பொருள்கள். அவற்றில் அடுத்தடுத்த அணுக்கள் எதிர்எதிர்த் திசையில் நிற்பதால் வெளியே காந்தப்புலம் ஏறக்குறைய இல்லவே இல்லை. உள்ளே மேக்னான்கள் மட்டும் தடையின்றி ஓடும். 2015-இல் குரோமியம் ஆக்சைடில் வெப்பத்தால் கிளம்பிய தற்சுழற்சி ஓட்டத்தை அளந்தார்கள். பச்சை வண்ணப்பூச்சில் சேர்க்கும் அதே குரோமியம் ஆக்சைடு. ஆனால் அதன் காந்த ஒழுங்கு 34 டிகிரி செல்சியஸில் கலைந்துவிடும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கடை வாசலில் வெயில் அதைவிட அதிகம். இந்த ஊருக்கு ஏற்றது நிக்கல் ஆக்சைடு. அது 250 டிகிரி வரை தாங்கும்.